தரிசு என்று எழுதப்பட்ட காணி

அந்த ஊரின் வரலாற்றுப் புத்தகத்தை எழுதிய வாத்தியார் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதிய பிழை இல்லை. தெரிந்துகொண்டே எழுதிய பொய்.

ஆரா நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் என் மகள்தான் புத்தகத்தை வாங்கிவந்தாள். "அப்பா, நீங்கள் சுவிசுக்கு வந்து முதல்முதல் இருந்த ஊரைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கினம்" என்று மேசையில் வைத்தாள். நல்ல பாரமான புத்தகம். நான் ஜெர்மன் வாசிப்பது பாரம் ஏற்றிய வண்டில் மேட்டில் ஏறுவது மாதிரி. ஆனாலும் விடாமல் வாசித்தேன். பழைய படமொன்றில் அந்தக் கல் களஞ்சியத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசி அத்தியாயத்தில் இரண்டு வசனம் இருந்தது. களஞ்சியம் எண்பதுகளில் ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்ததாம். பொதுக் காணியின் கடைசித் துண்டு, அதற்கு உரிய விதவை அதைத் தரிசாகப் போட்டுவிட்டதால் ஊருக்குத் திரும்பியதாம்.

முதலாவது வசனத்தை விட்டுவிடுவேன். அந்தக் களஞ்சியத்தில் இருந்தது நாங்கள். எங்களை ஆள் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்குப் புதிதில்லை. இரண்டாவதை விடமாட்டேன். அது செத்துப்போன ஒரு மனுசியைப் பற்றியது. அவவால் இனி வாய் திறக்க முடியாது.

மற்றதெல்லாம் வாத்தியார் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அதையும் சொல்லவேண்டும். மத்திய காலத்தில் அந்த ஊர் நிலம் முழுக்க ஒரு கன்னியர் மடத்துக்குச் சொந்தம். ஊர்ச்சனம் உழுதது, மடம் விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்தது. கதிர்க்கட்டை வயலிலேயே எண்ணி, பத்தாவது கட்டை மடத்து ஆள் தூக்கிக்கொண்டு போவான். அதை அடுக்கத்தான் அந்தக் களஞ்சியம். கோயில் காணியை வாரத்துக்குச் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எனக்கு இது புதுக் கதை இல்லை. சாமி வேறு, எடுத்துக்கொண்டு போகிற விதம் ஒன்று.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மேய்ச்சல் தரை மட்டும் ஊருக்குப் பொது. அதை அல்மெண்ட் என்பார்கள். சொந்தமாக அடுப்பெரித்து, சொந்தமாக விளக்கேற்றும் பழைய குடும்பங்களுக்கு அதில் மாடு விட உரிமை. வெளியிலிருந்து வந்து குடியேறினவனுக்கு இல்லை. பிறகு சமயச் சண்டை வந்து மடம் போனது. மடம் இருந்த இடத்தில் நகரத்துப் பிரபுக்கள் இருந்து அதே பத்தில் ஒன்றை எடுத்தார்கள். அவர்களும் போனபின் அல்மெண்டை நீளத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பழைய குடும்பத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். பயிர் செய்யலாம், விற்க முடியாது. வீட்டில் அடுப்பு அணைந்தால் துண்டு ஊருக்குத் திரும்பும். ஒரு வருடம் தரிசாகக் கிடந்தாலும் திரும்பும். மூன்றாவதாக இன்னொரு விதியும் இருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

எண்பதுகளின் நடுவில், ஒரு பனிக்காலத்தில், எங்களில் கொஞ்சப் பேரை அந்தக் களஞ்சியத்தில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே பலகை அடித்து அறை பிரித்து, இரும்புக் கட்டில் போட்டிருந்தார்கள். யன்னல் என்பது கல்லில் ஒரு கீறல். அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் எழும்பி முகம் கழுவினால் பிறகு இருட்டும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெளியே வெள்ளை, உள்ளே பழைய வைக்கோல் மணம். எத்தனையோ காலமாக அடுக்கின கதிரின் மணம் சுவரை விட்டுப் போகவேயில்லை. இன்றைக்கும் எங்காவது வைக்கோல் மணந்தால் நான் நின்றுவிடுவேன்.

எங்களில் மூத்தவரை அண்ணை என்போம். கோண்டாவில் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒருநாள் அவர் செத்தல் மிளகாய் வறுக்க, புகை கீறலால் வெளியே போய்விட்டது. கதவு இடிபட்டது. திறந்தால் றப்பர் சப்பாத்தும் தலைத்துண்டுமாக ஒரு மனுசி, கண்ணால் நீர் ஓட இருமிக்கொண்டு நிற்கிறா. ஏதோ ஏசினா. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணை ஒரு கதிரையை இழுத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மனுசி நின்றபடியே குடித்தா, சட்டிக்குள் எட்டிப் பார்த்தா, தலையை ஆட்டிக்கொண்டு போனா. அடுத்த நாள் ஒரு கூடை அப்பிளோடு வந்தா. நாங்கள் அவவை அன்ரி என்று கூப்பிடத் தொடங்கினோம்.

அன்ரியின் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு. புருசன் முந்தின இலையுதிர்காலத்தில் செத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அல்மெண்டில் மற்றக் குடும்பங்கள் எல்லாம் தொழிற்சாலை, கந்தோர் என்று போய்த் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. அன்ரியின் துண்டு மட்டும் நடுவில் கிடந்தது. கெமைண்டே, அதாவது ஊர்ச்சபை, அங்கே விளையாட்டு மைதானம் போட விரும்பியது. அன்ரியின் புருசனுடைய தம்பி சபையில் ஒரு ஆள். மனுசி தனியாள், முழங்கால் வருத்தம் வேறு. இந்த வசந்தத்தில் கொத்தமாட்டா, தரிசு என்று சொல்லிப் பறித்துவிடலாம் என்று அவர் காத்திருந்தார்.

இதையெல்லாம் அன்ரி கையாலும், கரித்துண்டால் பலகையில் கீறியும் சொன்னா. எனக்குக் கொஞ்ச இங்கிலிஷ் தெரியும், அவவுக்கு அதைவிடக் கொஞ்சம். நான் அண்ணைக்குச் சொன்னேன். அண்ணை முழுக்கக் கேட்கவில்லை.

"மண்வெட்டி எங்க இருக்கெண்டு கேளும்."

அப்படித்தான் தொடங்கினோம். சம்பளம் இல்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை. அன்ரிதான் வழி சொன்னா. துண்டை அந்த வீட்டு அடுப்புச் சனம் கொத்தலாம். அடுப்புச் சனம் என்றால் அந்த அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிற ஆக்கள். அது துண்டு பிரித்த காலத்து விதி, யாரும் மாற்றவில்லை. அவவின் குசினியில் மின்சார அடுப்பும் இருந்தது. ஆனால் அந்த வருடம் முழுக்க விறகடுப்பைத்தான் எரித்தா. "நெருப்பு எண்டு எழுதினால் நெருப்புத்தான். வயர் இல்லை" என்றா.

ஒரு மத்தியானம் நாங்கள் மண் காலைக் கழுவிவிட்டு அந்த மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். அண்ணை சமைத்த பருப்பு, அன்ரி அவித்த உருளைக்கிழங்கு. தம்பிக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"ஆர் இவங்கள்?"

"என்ர அடுப்புச் சனம்."

"எப்ப இருந்து?"

"அடுப்பைப் பார். எரியுதோ இல்லையோ? அதில வெந்ததைத்தான் சாப்பிடுகினம்."

"கையால எல்லோ சாப்பிடுறாங்கள்."

"நீ முள்ளுக்கரண்டியால சாப்பிட்டு என்னத்தைக் கிழிச்சாய்? உன்ர அண்ணன்ர துண்டில ஒரு நாளாவது கொத்தினியோ?"

மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பேச்சு அரைகுறையாக விளங்கியது, மீதியை அன்ரி பிறகு சொன்னா. அண்ணைக்குப் பேச்சு விளங்கவில்லை, தொனி விளங்கியது. "தம்பி, அவருக்கும் ஒரு கோப்பை சாப்பாடு போடட்டோ எண்டு கேளும்" என்றார். நான் கேட்டேன். அவர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

"பாவம், பசியோட போறார்" என்றார் அண்ணை. நான் அதை அன்ரிக்கு மொழிபெயர்க்க, அவ மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. புருசன் செத்தபின் அவ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தானாம். அவவே பிறகு சொன்னா.

அந்தக் கோடையைப் போல ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், வீடு வாங்கினேன். எல்லாம் நல்லதுதான். ஆனால் விடிய எழும்பி, பனி நனைந்த புல்லால் நடந்து, ஓடைக்கு மேல் போட்ட பலகையைத் தாண்டி அந்தத் துண்டில் காலை வைக்கிறபோது வந்த நிம்மதி வேறு. வழக்கு என்னாகும், ஊரில் யார் உயிரோடு இருக்கினம், ஒன்றும் தெரியாத காலம். மண்வெட்டியைப் பிடித்தால் அதெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, வெங்காயம் எல்லாம் வைத்தோம். மிளகாயும் வைத்தோம், அது குளிரில் நடுங்கிச் செத்தது. அண்ணை ஓடையில் இருந்து வாய்க்கால் இழுத்து, வரம்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். ஊர்ச்சனம் நடந்து போகும்போது நின்று பார்க்கும். மழை பெய்கிற நாட்டில் இதென்ன பைத்தியம் என்று முதலில் சிரித்தார்கள். ஆடியில் மழை பெய்யாமல் விட்டபோது மற்றவர்களின் வீட்டுத் தோட்டமெல்லாம் வாட, எங்கள் துண்டு மட்டும் பச்சையாக நின்றது. பிறகு சிரிக்கவில்லை.

வாத்தியாரும் வந்தார். அப்போது இளம் ஆள், தாடி வைத்திருந்தார், சைக்கிளில் வருவார். ஒருநாள் தன் வகுப்புப் பிள்ளைகள் முழுப் பேரையும் கூட்டிக்கொண்டு வந்து வரம்போரமாக நிறுத்தினார். மத்திய காலத்தில் இந்த ஊர் நிலம் இப்படித்தான் நீளத் துண்டாக இருந்தது, இப்படித்தான் கையால் கொத்தினார்கள் என்று விளங்கப்படுத்தினார். பிள்ளைகள் எங்களை மத்திய காலத்து ஆக்களைப் பார்ப்பது போலப் பார்த்தன.

"என்னவாம் சொல்லுறார்?" என்று அண்ணை கேட்டார்.

"நாங்கள் மடத்துக் குடியானவர் மாதிரியாம்."

"அப்ப பத்தில ஒண்டு கேக்கப் போறாரோ? கேக்கமுன்னம் நாங்களே குடுத்துவிடுவம்."

அண்ணை வெங்காயம் பிடுங்கி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தார். வாத்தியாருக்கு ஒரு பை நிறையக் கொடுத்தார். அந்த மனிதர் பையைச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு, எங்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். இதே மனிதர்தான் அந்த நிலம் தரிசாகக் கிடந்தது என்று இன்றைக்கு எழுதுகிறார்.

ஆவணி மாதம் அன்ரி கூர் நகரத்துக்குத் தன் தமக்கையைப் பார்க்கப் போனா. போன மறுநாள் யாருடையவோ ஆடுகள் துண்டுக்குள் இறங்கிக் கோவாவில் பாதியைத் தின்றுவிட்டன. அண்ணை வரம்பில் குந்தியிருந்து அதைப் பார்த்தார்.

"நான் வந்த நாளில இருந்து சொல்லுறன். வேலியில்லாமல் காணி கிடக்கிறது எனக்கு இடுப்பில சாரமில்லாமல் சந்தையில நிக்கிற மாதிரி இருக்கு."

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காணி கிடைத்தால் கிணறு பிறகு, வீடு பிறகு, முதல் வேலி. வேலிக்கு நடுகிற ஒரு கதியால் தடியைத் தள்ளிப் போட்டதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்ற குடும்பங்கள் எங்களிடம் உண்டு. வேலி போட்டவன் பொறுப்பானவன், போடாதவன் ஏனோதானோக்காரன். அன்ரி திரும்பி வரும்போது பார்த்துச் சந்தோசப்படுவா என்று நினைத்தோம். அவவின் கொட்டிலில் கிடந்த போஞ்சித் தடிகளையும் ஓடைக்கரை மரங்களில் வெட்டின தடிகளையும் நட்டு, இடையில் அலம்பல் கொப்பு அடைத்து, குறுக்கே வரிச்சுத் தடி பிடித்து இறுக்கிக் கட்டினோம். நல்ல வேலி. நாய் மூக்கை நுழைக்க இடமில்லை. நான்கு பக்கமும் சுற்றி வந்து அண்ணை ஒரு கதியாலைப் பிடித்து உலுப்பிப் பார்த்தார். "கோண்டாவிலில இப்பிடி ஒரு வேலி நிண்டால் பக்கத்துக் காணிக்காரன்ர வயிறு எரியும்" என்றார்.

அன்ரி பஸ்ஸால் இறங்கி, பையோடு நேரே துண்டுக்கு வந்தா. வேலியைக் கண்டா. ஏசவில்லை. பையைக் கீழே வைத்தா, அதன்மேலேயே இருந்துவிட்டா.

"எடுங்கோ. இப்பவே எடுங்கோ."

மூன்றாவது விதி அதுதான். அல்மெண்டில் வேலி போடக்கூடாது. அறுவடை முடிந்ததும் ஊர் மாடு முழுக்க அந்தத் துண்டுகளுக்கு மேலால் போய் மேயவேண்டும், மாட்டைத் தடுக்கிறவன் பொது நிலத்தைத் தனது என்கிறான் என்று பழைய நாளில் எழுதிவைத்தது. மாடு போய் எவ்வளவோ காலம். விதி போகவில்லை. தரிசு போட்டால் முதலில் எச்சரிப்பார்கள். வேலி போட்டால் எச்சரிக்கையே இல்லை.

பிடுங்கினோம். கட்டும்போது பாடிக்கொண்டு கட்டினோம், பிடுங்கும்போது ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் தம்பிக்காரர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆடு யாருடையது என்று நான் பிறகு விசாரித்தேன். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில், பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். ஊரவர்கள் கையுயர்த்தித் தீர்மானிக்கிற கூட்டம். எங்களைப் பின்னால் சுவரோரம் கிடந்த மர வாங்கில் இருக்கவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் தாழ்ந்த குரலில், நல்ல ஜெர்மனில், எனக்கு நடப்பதை விளங்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்களும் அங்கே இருந்தார்கள்.

தம்பிக்காரர் எழும்பி, வெளிநாட்டுக்காரர் எங்கள் முன்னோரின் பொது நிலத்தை வளைத்துப் பிடித்தார்கள் என்றார். மண்டபம் இரைந்தது. அண்ணை எழும்பிவிட்டார். தனக்குத் தெரிந்த மூன்று நாலு ஜெர்மன் சொல்லை வைத்து, "நான். வேலி. நான்" என்று நெஞ்சில் தட்டினார்.

அன்ரி திரும்பிப் பார்த்து, "இரு" என்றா. பிறகு மண்டபத்தைப் பார்த்துச் சொன்னா:

"வேலி போட்டது என்ர அடுப்பு. என்ர அடுப்பு செய்தால் நான் செய்ததுதான். விதி விதிதான், நான் கெஞ்ச வரேல்ல. ஆனால் ஒண்டு கேக்கிறன். இந்தத் துண்டு வேலியால போனது எண்டு எழுதுங்கோ. தரிசால போனது எண்டு எழுதவேண்டாம். என்ர மனுசன்ர துண்டு ஒரு வருசமும் தரிசாய்க் கிடந்ததில்லை. இந்த வருசம் கிடக்கவேயில்லை. நீங்கள் எல்லாரும் நடந்து போகேக்க பாத்தனீங்கள்."

ஒரு கமக்காரிக்குத் தரிசு என்கிற சொல் என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். காணி போவது நட்டம், தரிசு என்று பெயர் எடுப்பது மானக்கேடு. அந்தக் கூட்டத்தில் குறிப்பெழுதினதும் கை எண்ணினதும் நம் வாத்தியார்தான். தலைவர் அவரைப் பார்த்து, "எழுதுவீரோ?" என்று கேட்டார். "எழுதுவன்" என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் என் காதால் கேட்டேன்.

பிறகு துண்டை எடுப்பதா விடுவதா என்று கை உயர்த்தினார்கள். கொஞ்சக் கை வித்தியாசத்தில்தான் தோற்றோம்.

உருளைக்கிழங்கைக் கிண்ட விட்டார்கள். கடைசிச் சாக்கைக் கட்டினபின் அண்ணை நிலத்தை மட்டப்படுத்தி, புல்லுப் பிடுங்கி, அடுத்த போகத்துக்கு விடுகிற மாதிரி விட்டார். "ஏன் அண்ணை, புல்டோசர் எல்லோ வரப்போகுது" என்றேன். "வரட்டும். வாறவன் நல்ல காணியில வரட்டும்" என்றார். அன்ரி அன்றைக்குப் பின்னேரம் விறகடுப்பில் கிழங்கு சுட்டுத் தந்தா. உப்பும் வெண்ணெயும் வைத்துச் சாப்பிட்டோம். அது துக்கவீடு மாதிரி இருக்கவில்லை.

பிறகு எங்களுக்கு வேலை அனுமதி வந்தது. நான் ஆராவில் ஒரு உணவகக் குசினிக்குப் போனேன், அண்ணை பேர்ண் நகரத்துக்குப் போனார். அன்ரி என் கலியாணத்துக்கு வந்தா, சேலைகளுக்கு நடுவில் அந்தத் தலைத்துண்டோடு இருந்தா. அவவின் செத்தவீட்டில் அண்ணையும் நானும் முன் வாங்கில் இருந்தோம். அடுப்புச் சனம் என்று சொல்ல அவவுக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

அந்தத் துண்டு போனதில் எனக்கு இப்போது கோபம் இல்லை. பிள்ளைகள் அங்கே பந்தடிக்கிறார்கள், அடிக்கட்டும். அவ தன் காணிக்குக் கெஞ்சவில்லை, ஒரேயொரு வசனத்தைத்தான் கேட்டா. அதைக் கொடுப்பேன் என்று சொன்ன ஆள் அதற்கு நேர் எதிரான வசனத்தை வழவழப்புத் தாளில் அச்சடித்து விற்கிறார்.

மகள் சொல்கிறாள், "அப்பா, அவரைத் தனியச் சந்திச்சுக் கதையுங்கோவன், வயசான ஆள் எல்லோ." நானும் வயதான ஆள்தான். தனியாகக் கதைக்கமாட்டேன். அவர் தனியாகச் சொல்லவில்லை, மண்டபத்தில் சொன்னார். இந்தக் கட்டுரையை மகள் ஜெர்மனில் மொழிபெயர்ப்பாள். அந்த ஊர்ச்சபைக்கும் அவருக்கும் அனுப்புவேன்.

வாத்தியார், வருகிற ஊர்க்கூட்டத்துக்கு நான் வந்து பின் வாங்கில் இருப்பேன். நீங்கள் எழும்பி, ஊருக்கு முன்னால், இதற்குப் பதில் சொல்லவேண்டும்: அந்த வருடம் அந்த நிலம் தரிசாகக் கிடந்ததா? ஆம் என்றால் என் முகத்தைப் பார்த்து ஆம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால், ஏன் அப்படி எழுதினீர்கள்?